பொய்க்கதவு

ஒட்டுப்பலகைச் சுவருக்குப் பின்னால் ஏணியின் மேல் நின்று நளினி புரொஜெக்டரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மணல் தூசி அடைத்து, காலையிலிருந்து அது சூடேறுவதும் அணைவதுமாக இருந்தது. அது அணையும்போதெல்லாம் சுவரின் மறுபக்கத்தில் ஓர் ஆறு காணாமல் போனது. டிக்கெட் வாங்கி வந்த ஜனங்கள் இருட்டில் "ஓ" என்று கத்தினார்கள்.

கிரண்குமார் கீழே வந்து நின்றான். கருவிகளையும் விளக்குகளையும் பார்த்துக்கொள்பவன்.

"அக்கா, பெத்தாயன, வயசானவரு ஒருத்தரு கடைசி ரூம்ல பெஞ்சு மேல உக்காந்துட்டாரு. எழுந்திருக்க மாட்டேங்கறாரு."

"தூங்கறாரா?"

"அப்டித்தான் இருக்கு."

"ஏசிக்குன்னே வராங்கப்பா. தட்டி எழுப்பி வெளிய அனுப்பு. அடுத்த கூட்டம் உள்ள வரணும்ல."

அவன் போனான். நளினி பல்லில் கடித்திருந்த ஸ்குரூவை எடுத்துத் திருகினாள். ஆறு திரும்ப ஓட ஆரம்பித்தது. அதற்குள் கிரண்குமார் மறுபடியும் வந்துவிட்டான். அவள் இறங்குவதற்காக ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

திருப்பதியில் ரேணிகுண்டா சாலைப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்துக்குள்தான் அவள் அந்தக் கல்லறைக் கண்காட்சியைக் கட்டியிருந்தாள். எகிப்து தேசத்தில் அரசர்களையும் அதிகாரிகளையும் வைத்த கல்லறைகளைப் போல. 'மறுகரை' என்று பெயர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மணல் போட்ட சரிவில் இறங்க வேண்டும். சுவர்களில் சித்திரங்கள் அசையும், தலைக்கு மேல் நீலக் கூரையில் வெள்ளை நட்சத்திரங்கள் இருக்கும். கடைசி அறையில் சிவப்புக் கல் போலத் தெரியும் ஒரு கதவு. அது திறக்காது. அந்த மாதிரிக் கல்லறைகளில் பொய்க்கதவு ஒன்று செதுக்கி வைப்பார்கள், செத்தவர் மட்டும் அதன் வழியாகப் போய் வருவார் என்று நம்பிக்கை. வருகிறவர்கள் அதைத் தள்ளிப் பார்த்து, சிரித்து, ஏமாந்து, பிறகு இடது பக்கம் இருட்டில் இருக்கும் சந்தைக் கண்டுபிடித்து வெளியே போவார்கள். அம்புக்குறி ஒன்று ஒட்டிவிடலாம் என்று கிரண்குமார் பல தடவை சொன்னான். கொஞ்ச நேரம் தவிக்கட்டும், அதற்குத்தானே இது என்று அவள் மறுத்துவிட்டாள்.

அந்தக் கதவுக்கு எதிரே இருந்த பெஞ்சில் ஒருவர் கால்களை மேலே மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தாடை நெஞ்சில் பதிந்திருந்தது. முன்னால் ஒரு பெண் குனிந்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "எவ்ளோ தத்ரூபமா செஞ்சிருக்காங்க பாரேன்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

நளினி பின்னாலிருந்துதான் பார்த்தாள். வெளுத்த வெள்ளைச் சட்டை. வியர்வை படாமலிருக்கக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் மடித்துச் செருகிய கைக்குட்டை. அந்த மடிப்பை அவளுக்குத் தெரியும்.

"நைனா" என்றாள்.

*

கொண்டுவருவதற்கு வெகு முன்னாலேயே உயிர் போய்விட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அப்பா முனிகிருஷ்ணனுக்கு ஏற்கெனவே நெஞ்சில் கோளாறு இருந்தது. மாத்திரைச் சீட்டை நளினியின் தம்பி ஹேமநாத் பெங்களூரிலிருந்து போனில் அனுப்பிய பிறகு போலீஸ்காரர்கள் அதிகம் கேட்கவில்லை. ஒரு கான்ஸ்டபிள் மட்டும் தெலுங்கில் விசாரித்தார், "உங்க நான்னகாரு இங்கே எதுக்கு வந்தாரு?"

பங்காருபாளையத்தில் சிநேகிதர் தோப்பில் காய் பறிக்கிறார்கள், பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பியவர் அவர். சித்தூரில் திருப்பதி பஸ் ஏறியது யாருக்கும் தெரியாது.

அவர் வருவார் என்று அவள் நினைத்ததே இல்லை. உகாதிக்கு வீட்டுக்குப் போனபோது, என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டவரிடம் விளக்கமாகத்தான் சொன்னாள். முனிகிருஷ்ணன் விஜயபுரத்தில் கடலை விதைத்து வளர்ந்து, சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரியில் பாய்லருக்குப் பக்கத்தில் நின்று ரிட்டயர் ஆனவர். சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறிவிட்டார்.

"ஏழுமலையான் ஊர்ல போயி சமாதி கட்றியா? பொணம் வெக்கற எடத்த டிக்கெட்டு வாங்கிக்கினு பாக்க எவன் வருவான்?"

"உனுக்குப் புரியாது நைனா. நீ வரவே வேணா, போ."

அதற்குப் பிறகு போனில் அம்மாவிடம்தான் பேசினாள். அவர் பக்கத்தில் இருமுவது கேட்கும்.

ஆம்புலன்சில் சித்தூர் போகும் வழியெல்லாம் அவள் அவருடைய வெறுங்காலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். விரலிடுக்கில் மணல் இருந்தது. துடைக்கலாம் என்று நினைத்தாள். துடைக்கவில்லை.

*

மறுநாள் காலையில் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். மாங்காய் சீசன். ஃபேக்டரிக்குப் போகும் டிராக்டர்கள் தெருமுனையில் வரிசை கட்டி நின்றன. காற்று திரும்பும்போதெல்லாம் பழுத்து அழுகிய வாசனை வந்தது.

நளினியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஐஸ் பெட்டியின் பிளக் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். கொஞ்சம் கழித்து மறுபடி பார்த்தாள். தண்ணீர் கேன் வந்ததா என்று வாசலுக்குப் போனாள். வந்து இறங்கிய கேன்களை ஓரத்திலிருந்து இன்னோர் ஓரத்துக்கு நகர்த்தினாள். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அம்மா தாட்சாயணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விஜயபுரத்திலிருந்து வந்த பத்மாவதி அத்தை, முனிகிருஷ்ணனின் தங்கை, பெட்டியின் கண்ணாடியைத் தடவித் தடவி அழுதாள்.

"பெருமாளு காலடிக்கே போயிட்டியே அண்ணா! படுத்துக் கெடக்காம, பாயில வுழாம, தானா நடந்து போயி சேந்தியே!"

வந்தவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். திருப்பதியில் சாவு யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். ஃபேக்டரியிலிருந்து வந்த ஒரு பெரியவர், "புண்ணியாத்முடு" என்று கைகூப்பினார். தரிசனம் முடித்துவிட்டு இறங்கும்போது போனாராம் என்று பந்தலுக்குள் யாரோ சொல்ல, அடுத்து வந்தவர்கள் கையில் லட்டுகூட இருந்ததாம் என்றார்கள்.

ஹேமநாத் அவளைச் சமையலறைக்குள் இழுத்துப் போனான். கண்கள் சிவந்திருந்தன.

"யாருனா கேட்டா திருப்பதியில போனாருன்னு மட்டும் சொல்லு. பொய்யா அது? பொய் இல்லல்ல?"

"அம்மாகிட்டயுமா?"

"அம்மாகிட்ட மொதல்ல." போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "இத அம்மா பாக்கணுமா? நீயே சொல்லு."

பெஞ்சில் நைனா உட்கார்ந்திருந்தார். சிவப்புக் கதவு பின்னால் தெரியும்படி பக்கவாட்டில் எடுத்த படம். கீழே தெலுங்கில், 'இந்தக் காவல்காரர் பொம்மையைப் பார்த்தால் மூச்சு விடுகிற மாதிரியே இருக்கிறது' என்று எழுதியிருந்தார்கள். நிறையப் பேர் சிரித்திருந்தார்கள்.

"ராவெல்லாம் ரிப்போர்ட் பண்ணிக்கினு இருக்கேன். ஒருத்தி அழிச்சா இன்னொருத்தி போடறா." அவன் போனைப் பைக்குள் போட்டான். "எவ்ளோ பேரு தாண்டிப் போயிருக்காங்க. ஒருத்தருக்குக்கூடத் தெரியல. அப்டி ஒரு எடத்த கட்டி வெச்சிருக்கே."

அவன் வெளியே போனதும் தண்ணீர்க் குடத்தின் மூடியை எடுத்தாள், மூடினாள்.

கூடத்துக்கு வந்தபோது அம்மா கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"கூட யாரு இருந்தா?"

"ஜனங்க இருந்தாங்கம்மா."

"வாயில தண்ணி உட்டாங்களா?"

பத்மாவதி அத்தை அழுகையை நிறுத்திவிட்டு நளினியைப் பார்த்தாள். நளினி வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "உட்டாங்க" என்றாள். அம்மா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் நளினிக்கு என்னவோ போலிருந்தது.

கொல்லைப் பக்கம் போய் கிரண்குமாருக்குப் போன் செய்தாள்.

"அவரு வழி தேடுனாராப்பா? சந்து தெரியாம அங்கயே சுத்திக்கினு இருந்தாரா?"

"தெலீதக்கா. நான் விளக்கு ரூம்ல இருந்தேன்."

"கதவத் தள்ளிப் பாத்தாரா? யாருனா பாத்தாங்களா? வாலன்டியருங்கள கேளு."

"காலைல டூட்டில இருந்தவங்க மத்தியானமே போயிட்டாங்க. கேக்கறேன்."

"நீ சொன்னப்பவே அம்பு போட்டிருக்கணும்."

அவன் "ஏடவகு அக்கா" என்றான். அழாதே என்று அவன் சொன்ன பிறகுதான் தான் அழுவது அவளுக்குத் தெரிந்தது.

பாடை கட்டும் சத்தம் வாசலில் கேட்டது. மூங்கிலை வெட்டினார்கள். நைனா அந்த இருட்டில் கையால் சுவரைத் தடவித் தடவி நடப்பதை அவள் பார்த்தாள். வெள்ளைச் சட்டை வியர்த்து முதுகில் ஒட்டிக்கொள்கிறது. யாராவது சொல்வார்கள் என்று திரும்பிப் பார்க்கிறார். எல்லோரும் சிரித்துக்கொண்டே கதவைத் தள்ளுகிறார்கள். அவரும் தள்ளுகிறார். தன் மகள் கட்டிய இடத்தில் வழி கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு பெஞ்சில் போய் உட்காருகிறார். இதே காட்சி திரும்பத் திரும்ப வந்தது. குளிப்பாட்டும்போதும், வாய்க்கரிசி போடும்போதும் வந்தது. தப்பு அடித்துக்கொண்டு ஆண்கள் நீவா ஆற்றங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகும், வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றிருந்தபோதும் வந்தது.

*

வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெண்கள் ஒவ்வொருவராகக் குளித்துவிட்டு வந்தார்கள். பெரும்பாலானவர்கள் அப்படியே கிளம்பிப் போனார்கள். சிவப்பு சிமெண்ட் தரையில் ஈரம் நிற்கவே இல்லை. வெயில் வாசல் வழியாகக் கூடத்தின் பாதி வரை வந்திருந்தது.

தோளில் துணிப்பை மாட்டிய ஒரு பெண் படியோரம் தயங்கி நின்றாள். நளினி அடையாளம் கண்டுகொண்டாள். நீரஜா. 'மறுகரை'யில் வாசலில் நின்று செருப்புக்கு டோக்கன் கொடுக்கும் கல்லூரிப் பெண். அவள் அப்பா திருப்பதியில் கோவில் கைங்கர்யத்தில் இருப்பவர்.

"அக்கா, நேத்து நான் சீக்கிரமே கிளம்பிட்டேன். எனக்கு ஒண்ணுமே தெரியாது. இன்னிக்குக் காலம்பற போனா ஹால் பூட்டியிருந்தது, கிரண் அண்ணா சொன்னார்." பையைத் திறந்தாள். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். "ஸ்டாண்டுல இது மட்டும் இருந்தது. பாத்ததும் புரிஞ்சுடுத்து. பஸ் ஏறி வந்துட்டேன்."

நைனாவின் செருப்பு.

"நீ பாத்தியா அவர?" நளினி அவள் கையைப் பிடித்தாள். "உள்ள போறப்ப பாத்தியா?"

"பாத்தேனே. ரெண்டு தடவையும் நான்தானே டோக்கன் குடுத்தேன்."

"ரெண்டு தடவையா?"

"ஆமாம். மாமா மொதல்ல போயிட்டு வெளில வந்துட்டார். செருப்பக்கூட மாட்டிண்டார். வாசல் வரைக்கும் போனார். அப்பறம் திரும்பி வந்து, இன்னொரு வாட்டி போலாமா, வேற டிக்கெட் வாங்கணுமான்னு கேட்டார். கூட்டம் இல்லை, அதனால வாங்க வேண்டாம், போயிட்டு வாங்கோன்னேன்." அவள் துணிப்பையின் வாரை முறுக்கினாள். "நான் போக வேண்டாம்னு சொல்லிருக்கணும்."

"வெளிய வந்தாரா? தானா வந்தாரா?"

"தானாத்தான் வந்தார்."

நளினி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து பத்மாவதி அத்தை எழுந்து வந்தாள்.

"யாரும்மா நீ? எங்க உள்ள போனாரு? எங்கேர்ந்து வந்தாரு?"

நீரஜா அத்தையையும் நளினியையும் மாறி மாறிப் பார்த்தாள். இங்கே யாருக்கும் தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. "கண்காட்சிக்கு..." என்று இழுத்தாள்.

"நைனா கோயிலுக்குப் போகல அத்தை" என்றாள் நளினி. "நான் கட்டுனேனே அந்த எடம், அங்கதான். அது உள்ளதான்."

அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு அந்தக் கையாலேயே மார்பில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, சமாதிக்குள்ளயா! பெத்த பொண்ணு கட்டுன சமாதிக்குள்ளயாடி எங்கண்ணன் போயி உக்காந்தான்! இது அடுக்குமா? வேணாம் வேணாம்னு தலபாடா அடிச்சிக்கினானே..."

"பத்மா" என்றாள் அம்மா. "செத்த சும்மா இரு."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அத்தை நிறுத்திவிட்டாள்.

அம்மா சுவரோரம் அதே இடத்தில், ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குடிக்காமல் வைத்த ஒரு தம்ளர் தண்ணீர். "உள்ள வாம்மா" என்று நீரஜாவைக் கூப்பிட்டாள். நீரஜா செருப்புப் பொட்டலத்தை என்ன செய்வது என்று தெரியாமல், காகிதத்தைப் பிரித்து, வாசலில் கிடந்த செருப்புகளோடு அவருடையதையும் வைத்துவிட்டு வந்தாள்.

"ரெண்டாவது தபா போறப்ப எப்டி இருந்தாரு?"

"நன்னாத்தான் இருந்தார் மாமி. களைப்பாக்கூடத் தெரியலை."

"சிரிச்சாரா?"

நீரஜா யோசித்தாள். இல்லாததைச் சொல்லிவிடலாமா என்று அவள் நினைப்பது முகத்தில் தெரிந்தது. "இல்லை மாமி, சிரிக்கலை. சட்டைப் பையிலேர்ந்து சீப்பு எடுத்துத் தலைய வாரிண்டார். அப்பறம் போனார்."

அம்மா தன் ஈரத்தலையை ஒரு கையால் தொட்டுக்கொண்டாள். தெருமுனையில் ஒரு டிராக்டர் கிளம்பி, நகர்ந்து, மறுபடி நின்றது.

"உள்ள சில்லுனு இருக்குமா?"

"இருக்கும் மாமி. ஏசி போட்டிருப்பா."

"அவுருக்கு வெக்கை ஆவாது" என்றாள் அம்மா.

ஏசிக்காகத்தான் திரும்பப் போனாரா, அவ்வளவுதானா என்று நளினிக்குத் தோன்றியது. அவ்வளவுதானாக இருக்கலாம். நீரஜா குளித்துவிட்டுப் போக வேண்டும் என்று அத்தை எழுந்து கொல்லைப் பக்கம் அழைத்துப் போனாள். முனகிக்கொண்டே போனாள், ஆனால் கொடியிலிருந்து புதுத் துண்டாகப் பார்த்து உருவினாள்.

கூடத்தில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். நளினி அம்மாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து இப்போதுதான் உட்காருகிறாள்.

"உள்ள என்னா கட்டி வெச்சிருந்தே?" என்றாள் அம்மா.

"போன்ல படம் இருக்கும்மா, காட்டட்டுமா?"

"போனு வேணா. பாத்துட்டேன். பக்கத்தூட்டு ஷோபா நேத்தே காட்டிட்டா."

நளினி எடுத்த போனைக் கீழே வைத்தாள். "அப்பறம் ஏம்மா என்னக் கேட்டே? கூட யாரு இருந்தா, தண்ணி உட்டாங்களான்னு..."

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்." அம்மா புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். குரலில் கோபம் இருந்த மாதிரியும் இல்லை. "அந்தப் படத்துல அவுருதான் தெரியறாரு. அவுரு எதப் பாத்துக்கினு உக்காந்திருந்தாருன்னு தெரியல. ஒரு தபா பாத்துட்டு வெளிய வந்த மனுசன் இன்னொரு தபா எதுக்குப் போனாரு? அத நீ சொல்லு."

நளினி தம்ளரில் விரலை நனைத்தாள். சிவப்புத் தரையில் ஒரு கோடு இழுத்தாள்.

"இதுதான் வாசல். இங்கேர்ந்து எறக்கமா போவும். கீழ மணலு கொட்டியிருக்கும்."

"கால் சுடாதா?"

"ஆத்து மணலும்மா. இருட்டுல கெடக்கறதால சில்லுனு இருக்கும்."

"அப்பால?"

கோட்டை வளைத்தாள். மறுபடி விரலை நனைத்தாள். ஒரு சின்னச் சதுரம், அதிலிருந்து ஒரு நீளமான பாதை. "இந்தப் பக்கம் பூரா ஆறு. படகு போவும். கொக்கு, வாத்து, மீனு எல்லாம். செத்தவங்க அந்தாண்ட போனா அங்கயும் இதெல்லாம் இருக்கணும்னு செவுத்துல எழுதி வெப்பாங்க. அவங்க சாப்ட்டது, செஞ்ச வேல, எல்லாத்தையும்."

"இந்தச் செவுத்துல?"

"வெவசாயம். ஏரு ஓட்றது. வெதைக்கறது. கடலை புடுங்கறது."

"அந்த ஊர்ல ஏது கடலை?"

"இல்ல. நானாத்தான் போட்டேன்."

அம்மா முன்னால் குனிந்து, அந்தச் சுவர் இருந்த இடத்தைப் பார்த்தாள். "யாரு புடுங்கறா?"

நளினியின் விரல் நின்றது. கழுத்தில் கைக்குட்டை செருகிய ஒருவரைத்தான் அவள் அங்கே வரைந்திருந்தாள். ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. வாசல் போய்விட்டது. மணல் சரிவும் ஆறும் போய்விட்டன. பாதையின் கடைசி முனை மட்டும் அவள் விரலுக்குக் கீழே கொஞ்சம் மினுமினுத்தது.

அம்மா தம்ளரைச் சாய்த்து அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டாள்.